செக்கிங்: து.ம.

ஜூலை 7, திங்கள்

தையல் நூல் கடைக்காரரு வருசா வருசம் பனியன் கம்பெனி லைன் சூப்பர்வைசருங்களுக்குக் குடுக்கற டைரி இது. ஜூன் வரைக்கும் இதுல எழுதினதெல்லாம் ஒரே மாதிரிதான். டார்கெட் இத்தனை பீஸ், முடிஞ்சது இத்தனை, ரிஜெக்ட் இத்தனை. பதினாலு வருசப் பழக்கம், கை சும்மா நிக்க மாட்டேங்குது. இன்னைக்கும் எழுதிப் போடறேன்.

டார்கெட்: காலேஜ் போறது. முடிஞ்சது: போயிட்டு வந்துட்டேன்.

எட்டே காலுக்கே போய் நின்னேன். பனியன் கம்பெனில எட்டரைக்குப் பெல்லுன்னா எட்டே காலுக்கு மிஷின்கிட்ட நிக்கோணும். இங்க பத்து மணிக்குத்தான் கிளாஸ்னு எந்த மகராசனும் சொல்லல. வராந்தா கூட்டிட்டிருந்த அம்மா என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "காண்ட்ராக்ட்ல புதுசாப் போட்ட ஆளா? வெளக்கமாறு அந்த ரூம்ல இருக்குது, எடுத்துக்க"ன்னாங்க.

"இல்லீங்க. படிக்க வந்திருக்கறேன்."

அந்தம்மா கையில இருந்ததைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சாங்க. கெட்ட சிரிப்பில்ல. ஆனா எனக்கு அங்கயே திரும்பிப் போயிரலாமாட்ட இருந்துச்சு.

பி.பி.ஏ. மொத வருசம், அறுபது பேரு. எல்லாம் பதினேழு, பதினெட்டு. நான் உள்ள நுழைஞ்சதும் பாதிப் பேரு எந்திரிச்சு "குட் மார்னிங் மேம்"னாங்க. நான் கடைசி பெஞ்சுல போய் உக்காந்த பொறகுதான் அவிங்களும் உக்காந்தாங்க, வாயைப் பொத்திக்கிட்டு.

என்ற வயசு முப்பத்தொம்பது. ஒருக்கா எழுதிட்டேன், இனி எழுத மாட்டேன்.

ஜூலை 9, புதன்

எதுக்கு இந்த ரோதனைன்னு இன்னைக்கு மூணு பேரு கேட்டுட்டாங்க. பஸ்ஸுல ஒருத்தி, பக்கத்து வீட்டுல ஒருத்தி, ஓசூர்ல வேலை பாக்கற என்ற மகன் போன்ல. ஒவ்வொருத்தருக்கும் நின்னு வெளக்கிட்டிருக்க முடியாது. இங்க எழுதி வெச்சுக்கறேன்.

என்ற லைன்ல முப்பத்திரெண்டு தையல் மிஷின். இதுவரைக்கும் நாலு ஃப்ளோர் மேனேஜருக்கு நான் வேலை கத்துக் குடுத்திருக்கறேன். நாலு பேரும் டிகிரி முடிச்ச பசங்க. ஆறு மாசம் "அக்கா அக்கா"ன்னு பின்னாலயே சுத்துவாங்க, ஏழாவது மாசம் எனக்கு மேல போய் உக்காந்துக்குவாங்க. மார்ச்சுல அந்த சீட்டு மறுக்காக் காலியாச்சு. வெக்கத்தை விட்டுக் கேட்டேன். ஜி.எம். யுவராஜ் சாரு நல்ல மனுசந்தான். "உங்களுக்குத் தெரியாத வேலையில்லக்கா. ஆனா டிகிரி?"ன்னாரு. பிளஸ் டூவே ரெண்டு வருசம் முன்னாடிதான் பிரைவேட்டா எழுதிப் பாஸ் பண்ணினேன். அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல.

பொங்கல் வரைக்கும் என்ற லைனை வேற யாருக்கும் நெலையாக் குடுக்க மாட்டேன்னு யுவராஜ் சாரு சொல்லியிருக்காரு. பொங்கல் முடிஞ்சா புது ஆர்டர் ஏறும், அப்பறம் வெச்சிருக்க முடியாது.

வீட்டுக்காரரு குட்டியானை வண்டி ஓட்டறாரு, கம்பெனி கம்பெனியாப் பண்டல் எறக்கற வேலை. அவரு ஒரே ஒரு சொல்லு சொன்னாரு. மொத செமஸ்டர்ல ஒரு பேப்பர் போனாலும் காலேஜை நிறுத்திப்போட்டு லைனுக்குப் போயிரோணும். சரின்னுட்டேன். அஞ்சு பேப்பரு. அஞ்சும் தேறோணும்.

ஜூலை 18, வெள்ளி

மேலாண்மைக் கிளாஸ். நித்யகல்யாணி மேடம் எடுக்கறாங்க, முப்பது முப்பத்தொண்ணு இருக்கும். "பிளானிங்னா என்ன?"ன்னு என்னைக் கேட்டாங்க. அடடா, நம்ம பாடம்னு எந்திரிச்சேன். நாளைக்கு ஷிப்மெண்டு, இன்னைக்கு ஓவர்லாக் மிஷின்ல மூணு பேரு லீவு, அப்ப யாரை எங்க மாத்தி உக்கார வெக்கோணும், எதை மொதல்ல முடிக்கோணும்னு தமிழ்ல சொன்னேன். மடமடன்னு வந்துச்சு. கிளாஸே திரும்பிப் பாத்துச்சு.

"நல்ல எக்ஸாம்பிள். இப்ப டெஃபனிஷன் சொல்லுங்க."

தெரியல.

"பரவால்ல, உக்காருங்க." மொத பெஞ்சுல ஒரு பொண்ணு எந்திரிச்சு இங்கிலீசுல ரெண்டு வரி ஒப்பிச்சுச்சு. அந்தப் பொண்ணு அவிங்க வீட்டுல ஒரு கல்யாணத்துக்காச்சும் பந்தி பாத்திருக்குமா? அதுக்கு வெரி குட். எனக்குப் பரவால்ல.

ஜூலை 29, செவ்வாய்

ஆன்ட்டின்னு கூப்பிட வேண்டாம் சாமிகளான்னு சொன்னேன். "ஓகே ஆன்ட்டி"ன்னாங்க.

ஆகஸ்ட் 13, புதன்

மொத டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்க. பத்துக்கு மேலாண்மை மூணு, இங்கிலீசு நாலு, புள்ளியியல் ஒண்ணு. அந்த ஒண்ணும் பேரைச் சரியா எழுதினதுக்குன்னு நெனைக்கறேன்.

கேள்விலயே ஒரு வார்த்தை புரியல. கைய தூக்கிக் கேட்டிருக்கலாம், பக்கத்துப் பையன் மூணு தடவை கேட்டான். எனக்குக் கை எந்திரிக்க மாட்டேங்குது. கம்பெனில ஒரு சூப்பர்வைசரு போய் "எனக்கு வெளங்கல"ன்னு நின்னா அன்னைக்கே அவ மரியாதை போச்சு. முப்பத்திரெண்டு பேரும் அதையே சொல்லிச் சொல்லி ஓட்டுவாங்க. தெரியலைன்னாலும் தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு, தனியாப் போய் எப்படியாச்சும் கண்டுபிடிச்சுக்கோணும். அப்படித்தான் பதினாலு வருசம் ஓட்டியிருக்கறேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு அவரு வண்டியோட வந்து நின்னுட்டிருந்தாரு. "டெஸ்ட் எப்படி அம்மிணி?"ன்னாரு. "உங்களுக்கு வேற வேலையில்லீங்களா"ன்னுட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா சோறு ஆக்கி, பீன்ஸு கூட அரிஞ்சு வெச்சிருக்காரு. அரியறதுக்கு யாரு சொன்னாங்க? ஒரு பேப்பர் போனா நிறுத்தோணும்னு சொன்ன மனுசன்தான, இப்பப் பீன்ஸ் அரிஞ்சு என்னாகப் போகுது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

என்ற முன்னால பெஞ்சுல மிதுனான்னு ஒரு பொண்ணு. இன்னைக்குப் புதுச் சுடிதாரு, சைடுல ஒரு சாணுக்குப் பிரிஞ்சு போச்சு. எந்திரிக்க முடியாம அழற மாதிரி உக்காந்திருந்துச்சு. என்ற பையில ஊசி நூலு எப்பவும் இருக்கும். பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டே நிமிசத்துல தெச்சுக் குடுத்தேன். கடைத் தையலு, ஒரு இஞ்சுக்கு எட்டுத் தையல் கூட இல்ல, இதை எவன் செக் பண்ணி விட்டான்னு திட்டிக்கிட்டே தெச்சேன். பொண்ணு சிரிச்சுருச்சு.

"தேங்க்ஸ்க்கா."

ஆன்ட்டி இல்ல. அக்கா! மத்தியானம் அதுவே வந்து பக்கத்துல உக்காந்து, டெஸ்ட் பேப்பர்ல நான் எழுதினதை ஒவ்வொரு வரியாத் திருத்திக் குடுத்துச்சு. அதோட கூட்டாளி ஜெபராஜும், எந்நேரமும் ஒட்டிக்கிட்டே திரியற ரெண்டு பொண்ணுங்களும் வந்து சேந்துக்கிட்டாங்க. அந்த ரெண்டு பேருக்கும் நான் ரெட்டைங்கன்னு பேரு வெச்சிருக்கறேன். அஞ்சு பேரும் ஒண்ணாச் சாப்பிட்டோம். என்ற பொரியலை ஜெபராஜ் ஒருத்தனே காலி பண்ணினான்.

செப்டம்பர் 11, வியாழன்

மேலாண்மைல அசைன்மென்ட். தலைப்பு வேலைப் பிரிவினை. பத்துப் பக்கம், இங்கிலீசுல, கையால எழுதோணும், திங்கக்கிழமை வெக்கோணும். இன்டர்னல் இருபத்தஞ்சுல பத்து மார்க்கு இதுக்குத்தான். டெஸ்ட்ல விட்டதை இதுலதான் புடிச்சாகோணும்.

பசங்க நாலு நாள் இருக்குதுன்னு போனை நோண்டிட்டு உக்காந்திருக்குதுங்க. பாத்தா எரிச்சலா வருது. இதுங்களையெல்லாம் ஒரு வாரம் என்ற லைன்ல உக்கார வெக்கோணும்.

செப்டம்பர் 12, வெள்ளி

டார்கெட்: அஞ்சு அசைன்மென்ட். முடிஞ்சது: அஞ்சும்! ரிஜெக்ட்: இல்ல!

மத்தியானத்துக்கு மேல ரெண்டு பீரியட் லீவு. கேண்டீன் பின்னால இருக்கற நீள மேசைல நாலு பேரையும் வரிசையா உக்கார வெச்சேன். "ஒவ்வொருத்தரும் பத்துப் பக்கம் எழுதினா பொழுது போயிரும். யாருக்கு எது கை வருதோ அதை அஞ்சுக்கும் செய்யுங்க"ன்னேன். மிதுனாவுக்கு இங்கிலீசு நல்லா வரும், அஞ்சுக்கும் முன்னுரை அது. ஜெபராஜ் கையெழுத்து அச்சடிச்சாப்ல, தலைப்பும் படமும் அவன். புத்தகத்துல இருந்து டெஃபனிஷன் எழுதறது ரெட்டைங்க. கம்பெனி உதாரணமெல்லாம் நான் சொல்லச் சொல்ல மிதுனா இங்கிலீசுல மாத்துச்சு, நான் அஞ்சுலயும் எழுதினேன்.

மொத அரை மணி தடுமாறுச்சு. ஜெபராஜ்கிட்டப் பேப்பர் தேங்குச்சு, ஒரு ரெட்டையைத் தூக்கி அவன் பக்கத்துல போட்டேன். அப்பறம் ஓடுச்சு பாரு, தண்ணியாட்ட! மூணு மணி நேரத்துல அஞ்சும் ரெடி. "அக்கா, நீங்க வேற லெவல்க்கா"ங்குது மிதுனா. கடைசியா ஒவ்வொண்ணையும் பக்கம் பக்கமாப் பாத்து, ஓரத்துல நூல் கோத்துக் கட்டி, கடைசிப் பக்கத்து மூலைல பென்சில்ல எழுதினேன்: செக்கிங் து.ம.

துளசிமணிங்கறதுக்கு து.ம. பதினாலு வருசமா ஒரு பண்டல் கூட அது இல்லாம என்ற லைனைத் தாண்டினதில்ல.

காலேஜ் வந்து இன்னைக்குத்தான் எனக்கு என்ற கை கால் இருக்கற எடத்துல இருக்கற மாதிரி இருந்துச்சு.

செப்டம்பர் 18, வியாழன்

எழுதப் புடிக்கல. ஆனா எழுதறேன்.

மேடம் அஞ்சு அசைன்மென்டையும் மேசைல வரிசையாப் பரப்பி வெச்சாங்க. "அஞ்சுலயும் முன்னுரை ஒரே கையெழுத்து. தலைப்பு ஒரே கையெழுத்து. உதாரணம் ஒரே கையெழுத்து. இருபது வருஷம் முன்னாடி காப்பியடிச்சவங்க கூட இதை விடக் கொஞ்சம் மூளையைச் செலவு பண்ணியிருப்பாங்க"ன்னாங்க. கிளாஸ்ல ஒரே சிரிப்பு. அப்பறம் ஒண்ணைத் திருப்பி, "யாரு இந்த து.ம.?"ன்னாங்க.

மிதுனா தலையைக் குனிஞ்சுக்கிச்சு. ஜெபராஜ் ஜன்னலைப் பாக்கறான். என்னைக் காட்டிக் குடுக்கல ஒருத்தரும்.

எந்திரிச்சேன். "நான்தானுங்க மேடம்."

"நீங்களா? நீங்க கூடவா?"

"காப்பியடிக்கலீங்க மேடம். தலைப்பே வேலைப் பிரிவினைதானுங்க. பிரிச்சுத்தானுங்க செஞ்சோம்?"

கிண்டலுக்குச் சொல்லல. சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன். ஆனா கிளாஸ் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரிச்சுச்சு. மேடம் மூஞ்சி செவந்து போச்சு. அஞ்சு பேருக்கும் சைபரு. நாளைக்குத் துறைத் தலைவர் ரூமுக்கு வரோணும், மத்த நாலு பேரு வீட்டுல இருந்தும் யாராச்சும் வரோணும்.

என்ற வீட்டுல இருந்து யாரும் வர வேண்டாமாம். நானே பெரியவளாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தாச்சு. பதினாலு வருசத்துல ஒரு மெமோ வாங்காதவ நானு.

மிதுனாவோட அம்மா வந்திருந்தாங்க. என்னை விட ஒண்ணு ரெண்டு வயசு சின்னவங்களா இருக்கும். "சின்னப் புள்ளைங்க தப்புப் பண்ணினா புத்தி சொல்ற வயசு உங்களுக்கு. நீங்களே கூட்டு வெச்சுக் கெடுத்தா எப்படீங்க?"ன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டாங்க. மிதுனா அழுதுட்டே நின்னுச்சு.

வீட்டுக்கு வந்து அவருகிட்ட ஒண்ணும் சொல்லல. சொன்னா, பாத்தியா, அப்பவே சொன்னேன்ல, ஒரு பேப்பர் போனா நின்னுக்கோணும்னும்பாரு.

செப்டம்பர் 22, திங்கள்

மிதுனா மொத பெஞ்சுக்கு மாறிருச்சு.

செப்டம்பர் 26, வெள்ளி

மேடம் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. உக்காரச் சொன்னாங்க. நான் நின்னுக்கிட்டேதான் இருந்தேன். எரிச்சல் இன்னும் போகல.

"உங்க லைன்ல காலர் வைக்கிறது யாரு?"ன்னு கேட்டாங்க. இது எதுக்குன்னு எனக்குப் புரியல.

"சுந்தராத்தாக்காங்க. பதினோரு வருசமா காலர்தான். கண்ணை மூடிட்டு வெப்பாங்க."

"அவங்ககிட்டத் துணியைக் குடுத்து ஒரு டி-ஷர்ட் முழுசாத் தைக்கச் சொன்னா தைப்பாங்களா?"

தைக்க மாட்டாங்க. அவங்க தங்கச்சி தன்ற மகளுக்கு ஒரு பாவாடை தெச்சுக் குடுன்னு கேட்டப்ப, எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக் கடைல வாங்கிட்டு வந்து, தானே தெச்சதுன்னு குடுத்தாங்க. அது எனக்கு மட்டும் தெரியும். அதை விட ஒண்ணு இருக்குது. நானும் முழுசா ஒரு பீஸ் தெச்சதில்ல. மொத அஞ்சு வருசம் சைடுத் தையல் மட்டும் அடிச்சேன், அப்பறம் செக்கிங், அப்பறம் பதினாலு வருசமா சூப்பர்வைசரு.

"எனக்குப் பத்துப் பக்கம் வேண்டியதில்லைங்க துளசிமணி. அதை எழுதத் தெரிஞ்ச ஆளு வேணும். அஞ்சு பேரும் தனித்தனியா மறுபடி எழுதுங்க. பத்துக்குப் போட மாட்டேன், அஞ்சுக்குத்தான் போடுவேன்."

நாயமான பேச்சுதான். அதுதான் இன்னும் எரிச்சலா இருக்குது. பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ள அந்த மேடத்தைத் திட்டிக்கிட்டே வந்தேன். திட்டறதுக்குச் சரியா ஒண்ணும் கெடைக்கல.

அக்டோபர் 6, திங்கள்

ஒரு பக்கத்துக்கு ஒரு நாளு. ஒரு முழு நாளு! இதே நேரத்துல என்ற லைன் ஒரு லாரி லோடு அனுப்பியிருக்கும். ஒரு வரி எழுதறேன், டிக்சனரி பாக்கறேன், அடிக்கறேன், மறுக்கா எழுதறேன். முன்னுரை எழுதறவளும் நானே, படம் போடறவளும் நானே. படம் கோழி கிளறுனாப்ல இருக்குது.

அவரு எட்டிப் பாத்துட்டு, "ஸ்கேலைத் திருப்பிப் புடி, கோடு நேரா வரும்"னாரு. "தெரியும்"னேன். தெரியாது. அவரு போன பொறகு திருப்பிப் புடிச்சேன். நேரா வந்துச்சு.

அக்டோபர் 13, திங்கள்

அஞ்சுக்கு ரெண்டரை. பத்துப் பக்கமும் செகப்பு மையி, ரத்தக் களறியாட்ட. ஆறாவது பக்கத்துல, காலர் வெக்கறவங்களுக்குப் பாவாடை தெய்க்கத் தெரியாமப் போனதைப் பேரு போடாம எழுதியிருந்தேன். அதுக்குப் பக்கத்துல ஒரே ஒரு டிக்கு. ஒண்ணும் எழுதல, வெறும் டிக்குத்தான். எதுக்குப் போட்டாங்கன்னு அந்தப் பக்கத்தை நாலஞ்சு தடவை படிச்சுப் பாத்தேன்.

கடைசிப் பக்கத்துல செக்கிங் போடாமத்தான் குடுத்திருந்தேன்.

நவம்பர் 19, புதன்

மேலாண்மைப் பரிட்சை. அடிஷனல் பேப்பர் நாலு வாங்கிட்டேன். எழுதி முடிச்சு நூலைக் கட்டிட்டிருக்கறப்ப முன்னால மிதுனா திரும்பிப் பாக்குது. அதோட பேப்பரெல்லாம் கழண்டு கையில நிக்குது, பெல் அடிச்சாச்சு, பரிட்சை ஹால் சூப்பர்வைசரு சாரு பேப்பர் வாங்க வர்றாரு.

"கட்டத் தெரியலக்கா."

ரெண்டு மாசத்துல மொத வார்த்தை. சாருகிட்டக் கேட்டுட்டு வாங்கிக் கட்டினேன். இழுத்தா நூலு அறும், முடிச்சு அவுறாது. வெளிய வந்தா, காலேஜ் கேட்டுக்குப் பக்கத்துல மிதுனா நின்னுட்டிருந்துச்சு. "அம்மா அன்னைக்குப் பேசினதுக்கு சாரிக்கா"ன்னுச்சு. "உங்கம்மா நாயமாத்தான் கேட்டாங்க, கண்ணு"ன்னேன். அதுக்கும் அழுகை. இந்தப் புள்ளைக்குக் கண்ணுல தண்ணி குழா இருக்குது.

நவம்பர் 21, வெள்ளி

புள்ளியியல். கேள்வித்தாளைப் பாத்ததும் மண்டை காஞ்சு போச்சு. செமஸ்டர் பூரா ஒரு நாளும் அந்த சாருகிட்டக் கைய தூக்கி ஒண்ணு கேட்டதில்ல. தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டினதுக்கு மார்க்குப் போட மாட்டாங்க.

போயிருச்சுன்னுதான் நெனைக்கறேன். ஒரு பேப்பர் போனா நிறுத்தோணும்னு அவரு சொல்லியிருக்காரு. இதுல இனி என்ன யோசிக்கறது.

டிசம்பர் 31, புதன்

டைரி முடிஞ்சுது. நூல் கடைல இந்த வருசம் எனக்கு டைரி கெடையாது, நான் இப்ப சூப்பர்வைசரு இல்லியே. பின்னால நாலு வெத்துப் பக்கம் இருக்குது. அது போதும்.

ஜனவரி 9, வெள்ளி

ரிசல்ட். மேலாண்மை நாப்பத்திமூணு. இங்கிலீசு, தமிழு, இன்னொண்ணு, மூணும் பாஸு. புள்ளியியல் முப்பத்தெட்டு, பாஸுக்கு நாப்பது வேணும். ரெண்டு மார்க்கு. ரெண்டே ரெண்டு மார்க்கு!

மிதுனா போன் பண்ணுச்சு. "அக்கா, ஒரு அரியர்தானே? எனக்கே ரெண்டு இருக்குது. அரியர் இல்லாத காலேஜாக்கா?"ன்னுச்சு. அதுக்கென்ன, அதுக்குப் பதினெட்டு வயசு. எனக்கு ஒரு பேப்பர் போனாலும் நிறுத்தோணும்னு அவரு சொல்லு இருக்குது.

யுவராஜ் சாருக்குப் போன் பண்ணிப் பொங்கல் முடிஞ்சு பத்தொம்பதாந்தேதி வர்றேன்னுட்டேன். "ரொம்ப சந்தோசம்க்கா"ன்னாரு. எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. நெசமாலுமே நிம்மதியா இருந்துச்சு, அதையும் எழுதி வெக்கறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

அவருகிட்டச் சொன்னேன். வண்டி கழுவிட்டிருந்தாரு.

"ஒரு பேப்பர் போச்சுங்க. நீங்க சொன்னாப்ல காலேஜை நிறுத்திட்டு லைனுக்குப் போறேன். யுவராஜ் சாருகிட்டப் பேசிட்டேன்."

ஹோஸை அப்படியே கீழ போட்டுட்டாரு. "நான் என்ன சொன்னேன்?"

"ஒரு பேப்பர் போனா நின்னுக்கோணும்னு."

"ஏன் அம்மிணி, நான் எப்பச் சொன்னேன்? அப்ளிகேசன் பாரத்தைக் குடுத்துட்டு வர்றப்ப, வண்டில உக்காந்து நீதான சொன்ன. 'ஒண்ணு போனாலும் நான் நின்னுக்கறேன், நீங்க வெசனப்பட வேண்டாம்'னு. நான் கியரைப் போட்டுட்டு உம்முனு வந்தேன். அதைக் கூட நான் சொன்னதாக்கிட்டியா?"

இல்லைன்னு சண்டை போட்டேன். சத்தமாவே போட்டேன். உள்ள வந்து டைரியைப் புரட்டினேன், எழுதியிருக்குமேன்னு. எழுதியிருக்குது. அவரு சொன்னாருன்னு அஞ்சு எடத்துல எழுதியிருக்குது. என்ற கையெழுத்து.

அவரு சொல்லல. வண்டில உக்காந்து நான்தான் சொன்னேன். இப்ப நெனப்பு வருது, அப்ளிகேசன் குடுத்துட்டு வந்த பயத்துல நானே சொல்லிக்கிட்ட சொல்லு.

தப்பா எழுதினதை அடிக்கலாம்னு பேனாவை எடுத்தேன். அடிக்கல. இருக்கட்டும்.

வெளிய இன்னும் தண்ணி ஓடிட்டிருந்துச்சு. போய்க் குழாயை மூடினேன். "இருந்தாலும் சொல்லியாச்சு, போயித்தான் ஆகோணும்"னேன். "உன்ற இஷ்டம்"னாரு. ஹோஸைச் சுருட்டிக்கிட்டே, "எதுவா இருந்தாலும் இனி என்ற பேரைப் போடாத"ன்னாரு.

ஜனவரி 19, திங்கள்

எட்டே காலுக்குக் கம்பெனி. வாட்ச்மேன் சல்யூட் அடிச்சாரு. யுவராஜ் சாரு மேசைல புது வருசத்து டைரி, நூல் கடை பேரு போட்டது, எனக்குன்னு எடுத்து வெச்சிருந்தாரு. "உங்க லைன் அப்படியே இருக்குதுக்கா. போய்ப் பாத்துட்டு வாங்க, பேசலாம்"னாரு.

உள்ள போனேன். மிஷினெல்லாம் ஓட ஆரம்பிச்சிருச்சு. அந்தச் சத்தமும் துணி வாசமும் மூஞ்சில அடிச்சதும் கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்ல மாட்டேன். பொண்ணுங்க திரும்பித் திரும்பிச் சிரிக்குதுங்க. ஏழாவது மிஷின்ல சுந்தராத்தாக்கா. தலையைக் குனிஞ்சபடிக்கே கை தானா ஓடுது, காலர், காலர், அடுத்த காலர்.

"வந்துட்டியா துளசி?"

"இல்லக்கா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

வாயில வந்துருச்சு. அப்படிச் சொல்லோணும்னு நான் நெனைச்சுட்டுப் போகல. சுந்தராத்தாக்கா மிஷினை நிறுத்திட்டு நிமுந்து என்னைப் பாத்தாங்க. மிஷினை நடுவுல நிறுத்தற ஆளில்ல அவங்க.

"எங்க போற?"

"காலேஜுக்கு. ஒரு பேப்பர்ல ஃபெயிலுக்கா."

"ஃபெயிலாகியுமா போற?"

"ஆமாக்கா."

"அப்ப இங்க ஏன் நிக்கற? போ"ன்னுட்டு மறுக்கா மிஷினை மிதிச்சாங்க.

யுவராஜ் சாருகிட்டப் போய், "லைனை வேற ஆளுக்குக் குடுத்துருங்க சார்"ன்னேன். டைரியையும் லைனுக்குப் புதுசா வர்ற பொண்ணுக்கே குடுக்கச் சொன்னேன். "டிகிரி முடிச்சதும் மொத அப்ளிகேசன் இங்க குடுங்கக்கா"ன்னாரு. பாக்கலாம்.

பஸ் புடிச்சுக் காலேஜ் போறப்ப பத்தே கால். வாழ்க்கைல மொத தடவை லேட்டு. இந்த செமஸ்டருக்கும் அதே புள்ளியியல் சாருதான், போர்டுல கணக்குப் போட்டுட்டிருந்தாரு. "புரிஞ்சுதா?"ன்னு திரும்பினாரு. அறுபது தலையும் ஆடுச்சு. என்ற தலையும் பாதி ஆடிருச்சு.

நிறுத்திட்டுக் கைய தூக்கினேன். தோள்பட்டைல யாரோ செங்கல் கட்டித் தொங்க விட்டாப்ல இருந்துச்சு.

"சார், எனக்குப் புரியல. மொதல்ல இருந்து சொல்லுங்க."

ரெண்டு பேரு சிரிச்சாங்க. சாரு சிரிக்கல, மொதல்ல இருந்து போட்டாரு. ரெண்டாவது வரில மறுக்காப் புரியல. மறுக்காக் கேட்டேன். அப்பறம் ஜெபராஜ் கைய தூக்கி, "எனக்கும் அந்த எடந்தான் சார்"ன்னான்.

காலேஜ் ஸ்டோர்ல கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கிட்டேன். நாளைல இருந்து அதுல. இது கடைசிப் பக்கம்.

டார்கெட்: ஒரு கேள்வி. முடிஞ்சது: ரெண்டு.

செக்கிங்: து.ம.